கை நடுங்குவதாக ஒரு கடிதம்

மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைச் சீவல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலி மூளையை முள்ளங்கி மாதிரி மெல்லிசாகச் சீவி, உயிர் போகாமல் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. எடுத்த கையோடு மூளையை ஐஸ் தண்ணீரில் போட வேண்டும், அதிரும் பிளேடில் சீவ வேண்டும், ஒவ்வொரு ஸ்லைஸையும் உப்புக் கரைசலில் மிதக்கவிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் செத்துவிடும். அவள் சீவியது சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருந்தால் என்ன தப்பு?

அந்த ஸ்லைஸில் மின்கம்பி வைத்துப் பரிசோதிக்கிறவர் டாக்டர். இரண்டு பேரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் இரண்டு வயது மூத்தவள் என்பதால் அவருக்கு வாய்க்கு வாய் அக்கா. அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் சாப்பாடு சுமந்தவள் இவள்தான். கூடப் பிறந்தவன்கூட அவளிடம் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை.

வளர்ந்த எலியின் மூளையில், ஒரு நரம்பு இன்னொன்றைத் தொடும் இடத்தில் மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தட்டினால் இணைப்பு வலுக்கும், திரையில் அலை உயரும். டாக்டர் வருஷக்கணக்காகப் பார்த்தது அதைத்தான். ஒருமுறை வளர்ந்த எலிகள் தீர்ந்துபோய், பிறந்து பத்து நாளான குட்டிகளை அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. தட்டத் தட்ட அலை இறங்கியது.

"ஸ்லைஸ் செத்துப்போச்சுக்கா."

"சாகலை தம்பி. செத்தா முழுசா சாகணும்ல?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் இதே கதை, குப்பைத்தொட்டி நிறைந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, ஒரே ஸ்லைஸில் இரண்டு பக்கமும் இரண்டு கம்பி வைத்தாள். ஒரு பக்கம் விடாமல் தட்டினாள். மறு பக்கம் எப்போதாவது ஒரு தட்டு, நலம் விசாரிக்கிற மாதிரி. விடாமல் தட்டிய பக்கம் தளர்ந்தது, சும்மா விட்ட பக்கம் அசையாமல் நின்றது. பதினோராவது நிமிஷம் லிஃப்ட் மோட்டார் ஓடியதில் அலை ஒரு துள்ளு துள்ளியது. அதையும் நோட்டில் ஒட்டிய அலைப்படத்தின் ஓரத்தில் எழுதிவைத்தாள்.

ஸ்லைஸ் சாகவில்லை. பிஞ்சு மூளையின் சுபாவமே அதுதான். திரும்பத் திரும்பத் தட்டினால் இணைப்பு வலுக்காது, தளர்ந்து கையை விட்டுவிடும். வியாழக்கிழமை நோட்டை அவர் மேஜையில் வைத்தாள்.

"பாக்கறேன்க்கா, வெச்சிட்டுப் போங்க."

திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது. அவளைக் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் அறைக்குப் போகச் சொன்னார்கள். காரணம், டாக்டர் எழுதிய கடிதம்: இவருக்குக் கை நடுங்குகிறது, ஸ்லைஸ்கள் தொடர்ந்து சாகின்றன.

"மேல இருந்து நெருக்கடிக்கா. நோட்டைத் திறக்கவே நேரமில்ல. ஆறு மாசத்துல திரும்பக் கூப்பிட்டுக்கறேன்," என்றார். நம்பினாள், பைத்தியக்காரி.

பதினாலு மாசம் கழித்து, பீக்கர் தட்டோடு போகும்போது சுவரில் ஒரு பெரிய போஸ்டர் கண்ணில் பட்டது. 'வளரும் மூளையில், திரும்பத் திரும்பத் தூண்டப்படும் இணைப்புகள் தளர்கின்றன.' கீழே டாக்டர் பெயர். நடுவில் இரண்டு அலைகள். பதினோராவது நிமிஷத்தில் ஒரு துள்ளல். அடியில் பொடி எழுத்தில்: கண்ணாடிப் பொருட்களைக் கழுவித் தந்தவருக்கு நன்றி.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"அது என் அலை தம்பி."

"நம்ம அலைக்கா. நமக்குள்ள என்ன உன்னுது என்னுது?"

"பேரு வேண்டாம். என் ஃபைல்ல இருக்கற கடிதத்தை மட்டும் எடுத்துடுங்க. எனக்குக் கை நடுங்கலைன்னு எழுதிக் கொடுங்க, போதும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதை எடுத்தா, அப்பவே ஸ்லைஸ் நல்லா இருந்துச்சுன்னு ஆகும். முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு கேப்பாங்க. புரிஞ்சுக்கங்கக்கா."

புரிந்தது. அலுவலகத்தில் போய் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கடிதத்தின் தேதி வெள்ளிக்கிழமை, அவள் நோட்டை வைத்ததற்கு மறுநாள். நோட்டைத் திறக்க நேரமில்லையாம். படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார், பாவி. ஆஸ்பத்திரிக்குச் சுமந்த சோற்றை நினைத்து அன்றைக்கு அழுதாள். பிறகு அழவில்லை.

ஒரு மாசம் கழித்து அவரே கழுவும் அறைக்கு வந்தார். அந்தப் பரிசோதனையைக் கண்ணால் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சீவுவது பத்தே நிமிஷத்தில் செத்துவிடுகிறதாம்.

"அக்கா, ஒரே ஒரு நாள். நீங்க வந்து சீவிக் கொடுங்க. நம்ம மானம் போயிடும்."

அந்த 'அக்கா' என்ற சொல்லைக் கேட்டு அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. விளிம்பு வரை அமிலம் நிறைந்த பீக்கர் ஒன்று தொட்டியருகே இருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கி, அவர் முகத்துக்கு எதிரே கொண்டுபோய், மேல் தட்டில் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எனக்குக் கை நடுங்குமே தம்பி," என்றாள். "நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க."