கைமாறிப்போன ஒப்பாரி

அந்தக் காலத்தில் எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. மஸ்கெலியா டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, போட்டோ கொப்பி அடிப்பது, சீடியில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது என்று பொழுது போகும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கொழுந்துக் கூடையைத் தொடாமல் கம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்த முதல் பொம்பிளை நான்தான் என்ற திமிர் வேறு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தொழில்நுட்பப் பக்கம் என்று ஒன்று வரும். திங்கட்கிழமை கடைக்கு வருகிறவர்களுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டி, கூடவே என் தீர்ப்பையும் சொல்லிவிடுவேன். யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்வேன்.

ஒருமுறை, இன்டர்நெட்டில் பாட்டுகளைக் கொப்பி பண்ணி ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொண்டவர்கள்மேல் எங்கோ வெளிநாட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப நம்மளயும் புடிப்பானுங்களா?" என்றார், பாட்டு சீடி அடுக்கியிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அட போங்க மொதலாளி, இந்தக் குளுருல மலையேறி வந்து எவன் புடிக்கப் போறான்?" என்றேன்.

யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். வாரம் ஒரு தடவை வீட்டுக்குக் கோல் எடுக்க வருவார். அன்றைக்கு அவர் கோல் எடுப்பதை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "களவு களவுதான் பிள்ளை. மற்றவன்ரை பொருளைக் கேளாமல் எடுக்கிறதுக்கு வேறை என்ன பேர்?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாட்டு என்ன சோறாங்க சேர், அள்ள அள்ளக் கொறைய? நான் ஒரு கொப்பி எடுத்தா ஒங்ககிட்ட இருக்கிறது அப்புடியேதானே இருக்கு?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "குறையுதோ குறையேல்லையோ, அது வேறை கதை. பாடினவனைக் கேட்டனீரோ?"

"எங்க போயிங்க சேர் கேக்கிறது? மெட்ராசுக்கா?"

இன்னும் பெரிய சிரிப்பு. மனுசன் கோல் எடுக்காமலே போய்விட்டார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

ப்ளூடூத் போன்கள் எங்கள் பக்கம் வந்தது அதற்குப் பிறகுதான். எனக்கு அப்படி ஒன்றை முதலில் கொண்டுவந்து தந்தவன் என் சின்னம்மாவின் மகன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கு வந்தவன் தன் பழைய போனை என் கையில் வைத்து, "இந்தாக்கா, ப்ளூடூத் இருக்கு. இனி போன்லருந்து போனுக்கே பாட்டு அனுப்பலாம்" என்றான். அதில் பேச்சையும் பதியலாம் என்று காட்டி, என்னை ஏதாவது பேசச் சொன்னான். நான் அவனை நன்றாகத் திட்டினேன். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

சின்னம்மா அம்மாவின் தங்கச்சி. அதே லயத்து வரிசை வீடுகளில் மூன்று காம்பிரா தள்ளி இருந்தாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மலையில் கொழுந்து பறிக்கிறபோதும் தலையைக் குனிந்தபடி தன் நிரையைப் பார்த்துக்கொண்டு போவாள். ஆனால் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அவள் போய்ப் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் கல் மனசுக்காரக் கங்காணியும் வெளியே போய்த் தோளைக் குலுக்கிக்கொண்டு அழுவார். செத்த வீட்டுக்கு வெளியே ஒரு வரி கேட்க முடியாது. சின்ன வயதில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அவளுடைய ஒப்பாரி ஒன்றை முணுமுணுத்தேன். அம்மா வாயிலேயே ஒன்று வைத்தாள். "சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கிறியே, யாரடி கூப்புடுற?" என்றாள். உதடு வீங்கிவிட்டது.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் போன் தந்த அந்தச் சின்னம்மா மகன் செத்துப்போனான். நாலு நாள் காய்ச்சல். இருபத்திரண்டு வயது. சின்னம்மாவின் மூத்த மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். தம்பி சாவுக்கு அவளை அனுப்ப அந்த வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. கடை நம்பருக்குக் கோல் எடுத்து, "எனக்கு என் தம்பிய எப்புடியாச்சும் காட்டுடி, ஒரு சத்தமாச்சும் கேக்க வையிடி" என்று கதறினாள். அவளுக்காகத்தான் சின்னம்மாவின் ஒப்பாரியைப் போனில் பதிந்தெடுத்தேன். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையும் அதுதான்.

கொழும்பிலிருந்து வேனில் பெட்டி வந்தது. சின்னம்மாவின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றக் கையில், முந்தானைக்கு அடியில், அவன் தந்த போன். அவள் பெட்டிமேல் நெற்றியை வைத்துத் தொடங்கினாள்.

"மலையேறி வருவேன்னு மகராசா சொல்லிப்போன
மலையேறி வந்தியே நீ மரப்பெட்டிக் குள்ள படுத்து
கொழுந்து நிறுத்து வந்தேன், கூடைய எறக்கி வந்தேன்
எறக்க முடியலையே எந்தங்கமே ஒம்பாரம்."

ஐந்து நிமிடத்துக்குக் கிட்டப் பதிந்திருந்தது. மறுநாள் குவைத்திலிருந்து கோல் வந்தபோது கடை ரிசீவருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து அதைக் கேட்கவைத்தேன். முடிந்ததும், "இன்னொரு தரம் போடு" என்றாள். போட்டேன். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த நேரம் கடையில் ஒரு திரீவீல்காரர் நின்றிருந்தார். அவருக்கும் கண்ணெல்லாம் தண்ணி. "தங்கச்சி, எங்கம்மா செத்தப்பக்கூட நான் இப்படி அழல. எனக்கும் அத அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அனுப்பிவிட்டு, "எங்க சின்னம்மாதான்" என்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் லயத்துக் குரல் ஒன்றைக் கேட்டு முன்பின் தெரியாத ஆள் ஒருவர் அழுகிறார் என்ற பெருமை. அடுத்து ஒரு கடைக்காரப் பையன் கேட்டான், பிறகு பஸ் கண்டக்டர். முதலாளி அதைக் கம்பியூட்டரில் ஏற்றி, 'சோகப்பாட்டு' என்று ஒரு போல்டர் போட்டு அதற்குள் வைத்தார். மெமரி கார்டில் பாட்டு ஏற்ற வருகிறவர்களுக்குச் சினிமாப் பாட்டுகளோடு சேர்ந்து அதுவும் போனது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. குறையவா போகிறது என்று இருந்துவிட்டேன்.

கருமாதி முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அழுது அழுது சின்னம்மாவுக்குப் பார்வை மங்கலாகிவிட்டது என்று, கண்ணைக் காட்ட அவளை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம், சின்னம்மா நடுவில், நான் இந்தப் பக்கம். முன் சீட்டு ஆளின் போன் அடித்தது.

"மலையேறி வருவேன்னு மகராசா சொல்லிப்போன..."

சின்னம்மா திடுக்கிட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "யாருடி செத்தது?" என்றாள் என்னிடம். ரோட்டோரத்தில் ஏதோ சாவு வீடு என்று நினைத்திருக்கிறாள். அந்த ஆள் சாவகாசமாகப் பட்டனை அமுக்கி, "ஹலோ... ஆ, சொல்லு மச்சான். கோவா, கரட்டெல்லாம் இன்னிக்கு என்ன வெல போகுது?" என்றான். பேசி வைத்தான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அவளுக்கு விளங்கிவிட்டது.

"நானுடி" என்றாள். "அது நான்டி. எம்புள்ளைக்கி அழுதது. யாரு அந்த ஆளுக்குக் குடுத்தது?"

"தெரியல சின்னம்மா."

அம்மா ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். சின்னம்மா முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஹட்டன் வரைக்கும் குனிந்தே வந்தாள்.

மறுநாள் கடைக்குப் போய்க் கம்பியூட்டரில் இருந்ததை அழித்தேன். என் போனில் இருந்ததையும் அழித்தேன். தெரிந்தவர்களிடம் போய்க் கெஞ்சினேன். சிலர் அழித்தார்கள், சிலர் சிரித்தார்கள். "நீங்கதானே குடுத்தீங்க?" என்றார் திரீவீல்காரர். அக்கரப்பத்தனையில் கேட்டதாக ஒருவர் சொன்னார், கொத்மலையில் கேட்டதாக இன்னொருவர். போனது போனதுதான்.

வாத்தியார் வந்தபோது, இதற்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். முன்பு சிரித்ததுக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் முழுக் கதையையும் கேட்டார். "சட்டம் கிடக்கட்டும் பிள்ளை. நீர் அவவைக் கேட்டனீரோ?" என்றார். மெட்ராசுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மூன்று காம்பிரா தள்ளித்தான் இருந்தாள்.

ஒரு மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சொன்னேன். சின்னம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குவைத்தில் இருக்கிற அக்காவுக்காக எடுத்தேன், பிறகு மற்றவர்களுக்கும் கொடுத்தேன், பஸ்ஸில் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அக்காவுக்குப் போட்டுக் காட்டுனது சரி. அவளும் அவங்கூடப் பொறந்தவ" என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் குடுத்தியே, அது ஒனக்குப் பாட்டாடி?" என்று கேட்டாள். "நான் அவங்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்."

நான் அழுதேன். எழும்பி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் எந்தச் சாவிலும் ஒப்பாரி வைக்கவில்லை. ஆள் அனுப்பினால் போவாள், தலைமாட்டில் உட்காருவாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருந்துவிட்டு வருவாள். பிள்ளை போன துக்கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். "நான் போறப்பவாவது அவ வாயத் தொறப்பாளா பாப்போம்" என்று அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "வாயக் கழுவும்மா" என்று நான் கத்தினேன்.

மூன்று வருடம் கழித்து அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலி என்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாவைக் கூப்பிட்டது அந்த ரிங்டோன்தான் என்று நான் நம்பவில்லை. ஆனால் வீங்கிய அந்த உதடு அன்றைக்கு ஞாபகத்துக்கு வந்தது.

வெளியே தப்பு மேளம் அடித்தார்கள். பொம்பிளைகள் எல்லோரும் சின்னம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். கூடப் பிறந்தவள், இதற்காவது வாய் திறப்பாள் என்று. அவள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். முந்தானை வாயில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நின்ற இரண்டு மூன்று பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "போன உள்ள வையிங்க! வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சின்னம்மா வாய் திறக்கவில்லை.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே மகள். அம்மாவைச் சும்மா அனுப்ப முடியுமா? அவளைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"மலையேறி வருவேன்னு மகராசா சொல்லிப்போன..."

அம்மா ஹட்டனைத் தாண்டிப் போனவளே இல்லை. மலையை விட்டு இறங்காதவளுக்கு, மலையேறி வருவேன் என்றாயே என்று அழுகிறேன். அது எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. நூறு தடவை போட்டுக் கேட்டதும், போட்டுக் கொடுத்ததும் அதுதானே. மரப்பெட்டி என்ற இடத்துக்கு வந்தபோது சின்னம்மா எட்டி என் வாயைப் பொத்தினாள். கோபம் இல்லை.

"வேணாம்டி" என்றாள் காதோடு. "அது அவனுக்குச் சொன்னது. ஒங்கம்மாவுக்கு நீ ஒன்னோடதச் சொல்லு."

கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் "அம்மா" என்றேன். திரும்பவும் "அம்மா" என்றேன். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவளிடம் பெற்றவளுக்குக் கொடுக்க ஒரு வரி இல்லை. சின்னம்மா இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆம்பிளைகள் உள்ளே வந்தார்கள், தூக்க நேரமாகிவிட்டது என்று.