அம்மாவின் காருக்குக் கிளச் மாற்றிய கதை

மன்னார்த் தீவில் அந்தக் காலத்தில் கூரை மடங்குகிற கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது. பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அடிக்க ஒன்று இருக்கும்போது அடிக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. தலைமன்னாருக்கு ரயில் மறுபடி வரத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ரயில் பார்க்க வந்தவர்கள்கூட எங்கள் வேலிக்கு மேலால் காரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அது அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வெளிநாட்டிலிருந்து வந்து கொழும்பில் வாங்கிய கார். ஒரு கோடை முழுவதும் தீவெல்லாம் ஓடித் திரிந்துவிட்டு, திரும்பிப் போகும்போது சாவியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல சிவப்பு. முன்னால் இரண்டு இருக்கைகள். பின்னால் இருக்கை என்ற பெயரில் ஒரு பலகை போல ஒன்று இருந்தது. அதை இருக்கை என்று சொல்ல, காரைச் செய்தவனுக்கே வெட்கமாக இருந்திருக்கும். அதற்குள் நானும் என் பள்ளிக்கூடப் பையும் மட்டும்தான் கொள்ளுவோம்.

சாவி ஏன் அப்பாவின் கைக்குப் போகவில்லை என்றால், அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் பிறக்கும் முன்பே மிதிவெடி அதைக் கொண்டுபோய்விட்டது. பொய்க்கால் போட்டு, ஒரு தடியோடு நடப்பார். மீன்பிடி படகுகளின் எஞ்சின்களைத் திருத்துவது அவருடைய தொழில். தலைமன்னாரில் ஒரு எஞ்சின் இருமினால் அது எந்தப் படகின் எஞ்சின் என்று வீட்டுக்குள் இருந்தே சொல்லுவார். வெளியே போக வர அவரிடம் ஒரு த்ரீவீல் இருந்தது. அதில் கிளச் கையில்தானே இருக்கிறது, அதனால் கவலையில்லை. ஆனால் காரில் கிளச் இடது காலுக்கு.

ஆகவே அம்மா ஓட்டினார். கடைக்குக்கூடத் தனியாகப் போகக் கூச்சப்பட்ட அம்மா! பழைய இறங்குதுறைப் பக்கத்து வெறும் வீதியில் வைத்து அப்பாதான் பழக்கினார். மிதிப்பது அம்மாவின் கால், எப்போது மிதிப்பது என்பது அப்பாவின் வாய். 'விடு, விடு, மெல்ல விடு' என்று அவர் கத்த, கார் தவளை போலத் துள்ளி நிற்க, அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழ, பின்னால் இருந்து நான் சிரித்து வாங்கிக் கட்டிக்கொள்ள, இப்படியே பல மாலைகள் போயின. பிறகு ஒருநாள் கார் துள்ளவில்லை. அதன்பின் அம்மாவைப் பிடிக்க ஆளில்லை. காருக்கென்று ஒரு சோடி தட்டைச் செருப்பு வாங்கி, ஓட்டும் இருக்கைக்குக் கீழேயே வைத்துக்கொண்டார். அதை வேறு எங்கும் போட மாட்டார்.

எனக்கு அம்மா ஓட்டுவதில் பெருமைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அதில் ஒருத்தி, வாய் நீளமானவள், எல்லாரும் கேட்கத்தக்கதாக ஒருநாள் கேட்டாள்: "ஏன்டி, உங்கட வீட்டில அம்மாதான் அப்பாவோ?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த முறை மடுத் திருவிழாவுக்கு எங்கட அப்பாதான் கார் ஓடுவார். கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு வந்து பாருங்கோடி!" என்று சொல்லிவிட்டேன். எப்படி ஓட்டுவார் என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. இனி அப்பா ஓட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

மடுக் கோயில் மாதா என் பக்கம்தான் இருந்தார் போலிருக்கிறது. திருவிழாவுக்கு முன்பு காருக்குப் பெரிய சேர்விஸ் செய்யும் காலம் வந்தது. எஞ்சினைத் திறந்து, கியர் பெட்டியை இறக்கி, எதை மாற்றுவது எதை விடுவது என்று முடிவெடுக்கிற சேர்விஸ். மன்னார் டவுனில் கராஜ் வைத்திருந்த மாமா, அம்மாவின் சித்தி மகன், திருத்துகிற ஆயுதப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினார். கழற்றிய சாமான்கள் எல்லாம் முற்றத்தில் ஒரு தார்ப்பாய்ப் படங்கின் மேல் பரவிக் கிடந்தன.

எங்கள் ஊரில் எஞ்சின் ஒன்று திறந்து கிடந்தால் அது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. கடலால் வந்தவர்கள் எல்லாரும் ஈரச் சாறத்தோடு வந்து குந்தி, தேத்தண்ணி குடித்து, ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார்கள். பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார், நாலைந்து படகுகளுக்குச் சொந்தக்காரர், தன் படகைப் பார்ப்பது போலவே காரையும் சுற்றி வந்து, அடியில் தட்டிப் பார்த்து, "அடிப்பக்கத்துக்கு ஒருக்கா தார் பூசி விட்டா உப்புப் பிடிக்காது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

அப்பாவிடம் ஒரு நியாயம் இருந்தது, படகு எஞ்சின்களில் கற்ற நியாயம். நடுக்கடலில் நிற்பாட்டுகிற சாமானை மாற்று, சத்தம் மட்டும் போடுகிற சாமானை விடு. கடலில் நின்றுபோனால் ஆர் வந்து தள்ளுவது? அதனால் எஞ்சினுக்குள் ஓடுகிற பெல்ட் பார்வைக்கு நல்லாய் இருந்தும் மாற்றும் பக்கம் போனது. தண்ணீர்ப் பம்பும் போனது. உப்புக் காற்றில் பொருமிப்போயிருந்த பிரேக் குழாய்களும் போயின. புகைக்குழாயின் உறுமல் தப்பியது. பாடாத ரேடியோ தப்பியது. கூரைச் சீலை கிழிந்திருந்தது, அதற்குப் புதிதாகப் போட வேண்டும் என்று அம்மா கேட்டார். சீலை கிழிந்து எந்தக் கார் நின்றது என்று அப்பா மறுத்துவிட, சம்மாட்டியார் வலை தைக்கிற ஊசியையும் நைலோன் நூலையும் கொண்டுவந்து, கூரையில் அழகாக வலை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். உலகத்தில் வேறெந்தக் காருக்கும் அப்படி ஒரு கூரை இருந்திராது.

ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்ததும் அப்பா அம்மாவைத்தான் கூப்பிடுவார். கராஜ் மாமா அளந்து பார்த்துச் சொன்னதெல்லாம் பிறகுதான்.

"இஞ்ச வா. பிரேக் மிதிச்சா என்ன செய்யுது?"

"வலப்பக்கம் இழுக்குது."

"எவ்வளவு இழுக்குது?"

அம்மா யோசித்தார். "கடைக்குப் போகேக்க இவள் என்ர கையைப் பிடிச்சு இழுப்பாளே, அவ்வளவு."

"அப்ப கனக்கத்தான்" என்று அப்பா அதையும் மாற்றும் பக்கத்தில் தூக்கிப் போட்டார். அம்மா தன் கால் சொல்வதைச் சொல்லுவார், அப்பா அதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஓட்டுகிற ஆளைத்தானே கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசியில் வந்தது கிளச். அது தேய்ந்து கண்ணாடி போல ஆகியிருந்தது. பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, கார் போகுதில்லை என்று அம்மா முதலே சொல்லியிருந்தார். மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. அப்போதுதான் கராஜ் மாமா தன் பெட்டியிலிருந்து ஒரு இரும்புப் பிடியை எடுத்துக் காட்டினார்.

"அத்தான், கியர் பெட்டி எப்பிடியும் இறங்கிக் கிடக்குது. இதோட சேர்த்து இதைப் பூட்டி விடுவம். த்ரீவீல் மாதிரிக் கையால பிடிக்கிற கிளச். கால் பெடலைக் கழட்டினாத்தான் இது நிக்கும், ரெண்டும் சேர்ந்து வராது. அக்கா பழகின கால் ஓட்டம் பிறகு உதவாது, ஆனா நீங்களே ஓடலாம்."

நான் துள்ளிக் குதித்தேன். "அப்பா, போடுங்கோ! போடுங்கோ அப்பா!"

அப்பா அந்தப் பிடியைக் கையில் வாங்கினார். தடியைச் சாத்திவிட்டு, முட்டுக்கொடுத்து நின்ற காருக்குள் ஏறி ஓட்டும் இருக்கையில் இருந்தார். அந்த இருக்கையில் அவர் இருந்து நான் பார்த்ததேயில்லை. பிடியை இடது கையில் வைத்து அமத்தினார், விட்டார், மறுபடி அமத்தினார். ஓடாத காருக்குள் இருந்து வீதியைப் பார்த்தார். அவருக்கு ஆசை வந்துவிட்டது. அது என் கண்ணுக்கே தெரிந்தது. நான் மனதுக்குள் அந்த வாய் நீளக்காரியின் முகத்தை எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அம்மா தேத்தண்ணியோடு வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "போடுங்கோவன். இவ்வளவு நாளும் நான் ஓடினது காணும்தானே" என்றார். முகம் சிரித்தபடிதான் இருந்தது. தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அப்பாவின் காலடியில் கையை விட்டு, இருக்கைக்குக் கீழே இருந்த அந்தத் தட்டைச் செருப்புகளை எடுத்தார்.

"அதை எங்க கொண்டு போறாய்?" என்று அப்பா கேட்டார்.

"உள்ளுக்கு வைக்கப் போறன். இனி இஞ்ச என்னத்துக்கு?"

செருப்பை முந்தானையால் தூசி தட்டிக்கொண்டே அம்மா படியேறினார். அப்பா அவர் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரிலிருந்து இறங்கி, பிடியை மாமாவின் பெட்டிக்குள் வைத்தார்.

"தம்பி, கால் கிளச்சையே போடு."

"அத்தான், விசர்க் கதை கதையாதேங்கோ. நல்ல சந்தர்ப்பம்."

"என்னட்ட த்ரீவீல் இருக்குது. அவளிட்ட என்ன இருக்குது? போடு எண்டாப் போடு. மிதிக்கிறதுக்கு லேசா இருக்கவேணும், அது மட்டும் பார்."

உள்ளே இருந்து அம்மா, "பிள்ளை ஆசைப்படுகுதெல்லோ, ஏன் இப்பிடிச் செய்யிறியள்?" என்று சத்தம் வைத்தார். "ஆசையெண்டா த்ரீவீலில ஏத்திக்கொண்டு போறன்" என்றார் அப்பா. நான் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். த்ரீவீலைப் பார்க்க ஆர் வரப்போகிறார்கள்? சம்மாட்டியார் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "கொப்பன் சரியாத்தான் செய்யிறான், பொத்தடி வாயை" என்று எழும்பிப் போனார். எல்லாரும் சேர்ந்து என் மானத்தை வாங்கிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. அம்மாவும் கொஞ்ச நேரம் உள்ளே சட்டி பானைகளைப் போட்டு உருட்டினார். பின்னேரம் பார்த்தால் செருப்பு பழைய இடத்தில் கிடந்தது.

திருவிழாவுக்குப் புறப்பட்ட அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பின்னால் ஏறினேன். கார் என்னவோ அப்படி ஒரு ஓட்டம் ஓடியது. புதுக் கிளச் பூப்போல இருக்கிறது என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். தீவை விட்டு வெளியேறும் பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்க, முன்னால் போன பஸ்ஸை அம்மா முந்தினார். "போ, போ, விட்டிடாதை!" என்று அப்பா டாஷ்போர்டில் தட்டினார். பஸ்ஸின் யன்னல்களில் முழுக்கத் தலைகள். மற்ற நாளென்றால் நான் கை காட்டியிருப்பேன். அன்று காட்டவில்லை.

கோயில் வளவுக்கு வெளியே மரங்களுக்குக் கீழே சனமான சனம். கார் ஊர்ந்து போய் நின்றதும் சுற்றிக் கூடிவிட்டார்கள். செம்மண் தூசிக்காகக் கூரையை மூடியிருந்தோம். கண்ணாடிக்கு அப்பால், ஐயோ, என் பள்ளிக்கூடத்துக் கூட்டம் அப்படியே நின்றது. நடுவில் அந்த வாய் நீளக்காரி, பெருநாள் சட்டையோடு. நான் கீழே குனிந்துகொண்டேன். கெதியாக இறங்கிக் கூட்டத்துக்குள் மறைந்துவிட வேண்டும். ஆனால் முன் இருக்கையை ஒருவர் மடித்து விட்டால்தான் நான் வெளியே வரலாம்.

அப்பா இறங்கினார். இருக்கையை மடிக்கவில்லை. என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினார். தடியை ஊன்றி, கூட்டத்தை விலக்கி, சிவப்பு முகப்பில் ஒரு கையை வைத்தபடி காரின் முன்பக்கத்தால் சுற்றி நடக்கத் தொடங்கினார். அவசரப்படவில்லை. பொய்க்கால் புழுதியில் புதைந்து புதைந்து எழும்பியது. புதுப் பிரேக்கைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். டயரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கம் போய், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆயர் ஆண்டகை வந்தால் திறப்பது போல இரண்டு கையாலும் கதவைத் திறந்தார்.

"இறங்குங்கோ" என்றார், அம்மாவை வாழ்நாளில் ஒருநாளும் அப்படி மரியாதை போட்டுக் கூப்பிடாதவர். பிறகு கூட்டத்தைப் பார்த்து, கடலுக்குக் கேட்கிற குரலில், "தலைமன்னாரில இருந்து முழுக்க இவதான் ஓடி வந்தது" என்றார்.

அம்மா அந்தத் தட்டைச் செருப்போடேயே மண்ணில் காலை வைத்தார். வாய் நீளக்காரி வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானோ உள்ளே வேர்த்து வழிய, கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்து, "அப்பா! சீற்றை மடியுங்கோ! நான் இஞ்ச இருக்கிறன் அப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா என்னை மறந்துபோனார் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு விளங்கியது.