ஒரே புள்ளியில் இரண்டு விரல்கள்

இந்த மாதத் தொடக்கத்தில் எனக்குக் கண் போய்விட்டது.

பதறாதீர்கள், திரும்ப வந்துவிட்டது. இல்லையென்றால் இதை யார் எழுதுவது? போன வாரம் இந்த இடத்தில் பாகற்காய்க் கூட்டு செய்முறை வந்திருந்ததே, அதற்கும் இதுதான் காரணம். 'வழக்கமாக நீங்கள் எழுதுவதைவிட இது பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிய ஜொகூர் வாசகிக்கு என் நன்றி.

நடந்தது இதுதான். மாலை நேரம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தப் பத்திரிகைக்கான வாரப் பத்தியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. துடைத்தேன். போகவில்லை. பக்கத்தில் ஒரு பச்சை. கொஞ்ச நேரத்தில் எறும்புப் புற்றைக் கலைத்ததுபோலத் திரை முழுக்கப் பரவிவிட்டது… சிவப்பு, பச்சை, ஊதா.

நிதானமுள்ள மனிதன் என்ன நினைப்பான்? மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைப்பான். நான் என்ன செய்தேன்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்தேன். அப்புறம் கண்தான் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. என் பெரிய அண்ணனுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணில்தான் வந்து இறங்கியது. அவரும் முதலில், "புள்ளி புள்ளியா மெதக்குதுடா" என்றுதான் சொன்னார். அடுத்த தீபாவளிக்குள், என் குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார்.

எனக்கும் இனிப்புநீர்தான். என் மனைவி தனத்துக்கும் அதேதான். எங்கள் வீட்டில் சீனி டப்பாவில் மட்டும்தான் சீனி கிடையாது.

'திரையை விட்டுச் சுவரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே' என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஒரு வார்த்தை. சுவரையும் பார்த்தேன். அங்கும் புள்ளி இருந்தது. பயந்தவன் முறைத்துப் பார்த்தால் எந்தச் சுவரிலும் புள்ளி இருக்கும்.

தனத்திடம் சொன்னேனா? மூச்சு விடவில்லை. பினாங்கில் படிக்கிற மகளுக்குக் கடைசி வருடப் பரீட்சை என்று ஏற்கெனவே அவளுக்குத் தூக்கமில்லை. இதை வேறு ஏன் அவள் தலையில் ஏற்றுவது? சரி, டாக்டரிடமாவது போனேனா? போனால் அது உண்மையாகிவிடுமே.

எனவே ஒரு வீரனைப்போல, பார்வையில்லாத வாழ்க்கைக்குத் தனியாகப் பயிற்சி எடுக்கத் தொடங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்தேன். ஃப்ரிட்ஜ் அவ்வளவு முன்னால் நிற்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நெற்றி வீங்கியது. பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு இதை வீட்டுக்குள் கற்றுக்கொள்வானேன்? வெள்ளைக்கோல் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் தினமும் நடக்கிறார்களே. ஒரு காலை, அப்படி ஒருவர் பின்னால் போனேன். கோலை எப்படி வீசுகிறார், படி வந்தால் எப்படி நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனேன். கடைவரிசை முடிகிற இடத்தில் அவர் நின்றார்.

"அண்ணே," என்றார், திரும்பாமலே. "ரொம்ப நேரமா பின்னாலயே வரீங்க. வழி தெரியலையா?"

"இல்லைங்க… சும்மா நடக்கிறேன்."

"அப்ப முன்னால போங்க. பின்னால வந்தா எனக்குக் கூச்சமா இருக்கு."

பயிற்சி அத்துடன் நின்றது.

இன்னும் ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. தனத்தின் முகத்தை மனப்பாடம் செய்வது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிற முகம்தானே என்று அலட்சியமாகத்தான் தொடங்கினேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால்… மூக்குத்தி வலப்பக்கமா, இடப்பக்கமா? சத்தியமாகத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் தோசை ஊற்றும்போது பார்த்தேன். துணி மடிக்கும்போது பார்த்தேன். டிவி பார்க்கும்போது, டிவியை விட்டு அவளைப் பார்த்தேன்.

"என்ன, மூஞ்சியில மாவு ஒட்டியிருக்கா?"

"இல்ல. சும்மா."

"சும்மா பாக்கிற வயசா இது?"

ஆனால் ஒன்று. நான் சட்டென்று நிமிரும்போதெல்லாம் அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்துவிட்டதோ?

அந்த வாரக் கடைசியில், கிள்ளானில் அவள் தம்பி மகனுக்குக் கல்யாணம். பட்டு கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். நான் கார்ச் சாவியை நீட்டினேன்.

"நீயே ஓட்டு தனம். நீ ஓட்டினா பதறாம போகலாம்."

அவள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கூடச் சேர்ந்து என் காலாலும் மிதிக்கிறவன் நான். அந்த வாயால் இப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? தனம் நம்பினாள். ஆனால் சாவியைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"நீங்களே ஓட்டுங்க. ஆம்பள ஓட்டிட்டுப் போய் எறங்கினாத்தான் மரியாதை."

என் தனமா பேசுகிறாள்? சாவி இன்னும் ஒருமுறை அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் போய் வந்தது.

"பார்க்கிங் கிடைக்காது. கொம்யூட்டர் ரயில்ல போயிடலாமா?" என்றேன்.

"அதான் நல்லது," என்றாள், நான் முடிப்பதற்குள்.

பட்டுப்புடவையும் பரிசுப் பொட்டலமுமாக கேஎல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. சுபாங் ஜெயா, ஷா ஆலம், பாடாங் ஜாவா என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தாள். காரில் கூட்டிப்போகாத கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பத்தி எழுத உட்காரவே இல்லை. ஆசிரியருக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொன்னேன். பாகற்காய் முந்திக்கொண்டது.

சனிக்கிழமை மதியம் தனம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அவர்களுக்கான கேள்வித்தாளைத் தட்டுவது அந்த நேரத்தில்தான்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இதுல புள்ளி புள்ளியா ஏதாச்சும் தெரியுதா?"

போய்ப் பார்த்தேன். ஒரு தட்டு மிட்டாயைக் கவிழ்த்ததுபோல இருந்தது திரை. எனக்கு என்ன தோன்றியது என்கிறீர்கள்? சோதிக்கிறாள். கண்டுபிடித்துவிட்டாள். மாட்டிக்கொள்ளக் கூடாது.

"புள்ளியா? ஒண்ணும் இல்லையே. சுத்தமா இருக்கு," என்றேன். அதோடு நிறுத்தினேனா? நம்பவைக்க வேண்டுமே என்று கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, முதல் கேள்வியை உரக்க வாசித்தும் காட்டினேன்.

தனம் திரையை இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கு."

முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "அப்ப எனக்குத்தான்," என்றாள்.

"என்ன உனக்கு?"

"கண்ணு. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. உங்க அண்ணன் சொன்ன மாதிரியே. உங்ககிட்ட சொன்னா ஒடஞ்சு போயிடுவீங்க… அதான் சொல்லல."

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்யால், கட்டின மனைவியின் பார்வையைப் பறித்தது அன்றுதான்.

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தனம், உனக்கு இல்ல. எனக்கு."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க."

"சத்தியமா. ஸ்கிரீன் பூரா புள்ளியா இருக்கு."

"இப்பதானே சுத்தமா இருக்குன்னீங்க. படிச்சுக்கூடக் காட்டினீங்க."

"அது பொய்."

"இதுதான் பொய்."

யாருக்குக் கண் போகிறது என்று ஒரு கணவனும் மனைவியும் அடித்துக்கொண்டதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? விட்டுக்கொடுக்க இரண்டு பேருமே தயாராக இல்லை. கடைசியில் அவளுக்குள் இருந்த டீச்சர்தான் எழுந்தாள்.

"சரி. எந்தப் புள்ளி? தொட்டுக் காட்டுங்க."

திரையின் கீழ் மூலையில் கொழுத்த சிவப்பு ஒன்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன். தனம் தன் விரலைக் கொண்டுவந்து, என் விரலை ஒட்டி அதே சிவப்பில் வைத்தாள். பிறகு அவள் ஒரு பச்சையைத் தொட்டாள். என் விரலும் அங்கேதான் போனது. ஊதாவும் அப்படியே.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா வியாதி வரும்?" என்று கேட்டாள். அழுகை இன்னும் நிற்கவில்லை. ஆனால் அதற்குள்ளேயே சிரிப்பும் வந்துவிட்டது. நான்? நானும்தான். ஆண் பிள்ளை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

அதற்குப் பிறகுதான் மிஷினுக்கு வைத்தியம். பக்கத்து வீட்டு அங்கிள் சோங் தன் வீட்டு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டினார். அதிலும் புள்ளி. எங்கள் மானிட்டரைக் கொண்டுபோய்த் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். அங்கே பளிச்சென்று இருந்தது.

"பாஸ், யூர் ஐஸ் ஓகே. ஸ்கிரீன் ஆல்சோ ஓகே. டிஸ்ப்ளே கார்டு ரோசாக் லா," என்றார்.

அதாவது, படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டுதான் கெட்டுப்போயிருக்கிறது. மூடியைக் கழற்றினார். கார்டு தோசைக்கல் மாதிரி கொதித்தது. அதன்மேல் இருந்த குட்டி விசிறி சுற்றவே இல்லை. அங்கிள் குனிந்து ஓர் ஊது ஊதினார். எழுந்தபோது அவர் நெற்றி நிறைய விபூதி.

எங்கள் ஹாலில் காலியாக இருந்த ஒரே ப்ளக் பாயிண்ட், சாமி மேடைக்குக் கீழே. அதனால் கம்ப்யூட்டரும் அங்கேதான். வெள்ளி தவறாமல் சாம்பிராணி, தினமும் விபூதி, ஊதுபத்தி என்று அந்த விசிறி எல்லாவற்றையும் பக்தியோடு உள்ளே இழுத்திருக்கிறது. இழுத்து இழுத்து ஒருநாள் அடைத்துக்கொண்டது. மிஷின் போட்ட அரை மணியில் கார்டுக்குச் சூடேறிப் புள்ளி போட ஆரம்பித்தது. சுத்தம் செய்தும் குணமாகவில்லை. கார்டு உள்ளே வெந்துபோயிருக்க வேண்டும். புது கார்டு வாங்கி மாட்டினோம். மூன்று பேரும் காப்பிக் கோப்பையோடு திரை முன்னால் உட்கார்ந்து, படம் பார்ப்பதுபோல வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி போனது. ஒரு மணியும் போனது. ஒரு புள்ளி இல்லை. கம்ப்யூட்டர் இப்போது மகள் அறையில் இருக்கிறது, மதச்சார்பில்லாமல்.

ரயிலில் அவள் வாசித்துக்கொண்டு வந்தது கோபத்தில் இல்லை என்பது இந்த மரமண்டைக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் அவளைப் பார்த்துவைத்துக்கொண்டேன். அவள் என்னையும், கூடவே கிள்ளான் வரைக்கும் உலகத்தையும் பார்த்துவைத்துக்கொண்டாள். மற்றவர் தாங்கமாட்டார் என்று இரண்டு பேருமே தைரியசாலியாக நடித்தால், அந்த வீட்டில் உண்மையைச் சொல்ல யார்தான் மிச்சம்?

"கார்டை மாத்தியாச்சு. கண்ணை எப்பக் காட்டறது?" என்று கேட்டாள் தனம்.

போன வியாழக்கிழமை இரண்டு பேரும் கண் டாக்டரிடம் போனோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சொட்டு மருந்து ஊற்றி, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண் நன்றாக இருக்கிறது, ஆனால் வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார்.

வெளியே வந்தால் உச்சி வெயில். சொட்டு மருந்தின் உபயத்தில் தெரு முழுக்க ஒரே வெள்ளை. வருவது பஸ்ஸா லோரியா, போவது மனிதரா மரமா… ஒன்றும் பிடிபடவில்லை. தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைக் கடந்தோம். கடந்த பிறகும் பிடித்துக்கொண்டே பூக்கடை வரிசையில் நடந்தோம்.

"கையை விடுங்க. யாராச்சும் பாக்கப் போறாங்க."

"பாக்கட்டும். யாருன்னு நமக்கா தெரியப் போவுது?"

வீடு வரைக்கும் இரண்டு பேரும் விடவில்லை. அன்று எங்களைப் பார்த்துச் சிரித்த யாராவது இதை வாசிக்க நேர்ந்தால்… ஆமாம், நாங்கள்தான்.