இரண்டு பேரை அனுப்பச் சொன்னார்கள்

நாங்கள் நான்கு பேர். அரசு வேண்டாம், தலைவர் வேண்டாம், ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது என்று நம்பிய அனார்க்கிஸ்டுகள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நால்வருமே அட்மின். இத்தனையையும் நான் பேசியது, நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் அப்பாவின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டுதான். வெட்கமாகத்தான் இருந்தது. வேறு போக்கிடம் இல்லை.

எங்களுக்குள்ளேயே பேசிச் சலித்துப்போயிருந்த நேரத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் இருபது பேர் தேடி வந்தார்கள். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை வாருகிறவர்கள். புதிதாக வந்த காண்ட்ராக்டர் அவர்களுக்கு கேட் பாஸ் போடவில்லை. பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. அவர்களில் ஒரு அக்கா, கணவரை இழந்தவர், இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவர், என்னிடம் கேட்டார்.

"காண்ட்ராக்டர் ஆபீஸ்ல ரெண்டு பேரு மட்டும் உள்ள வந்து பேசுங்கன்றாங்க தம்பி. யார அனுப்பறது?"

எல்லோரையும் மைதானத்தில் வட்டமாக உட்கார வைத்தோம். இரண்டு பேர் போனால் அவர்களை மடக்கிவிடுவார்கள், போனால் இருபது பேரும் போவோம் என்றோம். ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டோம். கடைசியாகத் தலையாட்டியவர் அந்த அக்கா. எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று நாள் காண்ட்ராக்டர் ஆபீஸ் வாசலில் நின்றோம். உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள், அதே வேலையைக் கேட்டு வந்த சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் உள்ளே போனார்கள்; தங்கள் ஊராருக்கு அந்த இருபது இடத்தையும் பேசி முடித்துவிட்டு வந்தார்கள்.

அக்கா கத்தவில்லை. "ஒருத்தருக்காக ஒருத்தர் பேசக் கூடாதுன்னீங்க. அத எங்களுக்காக முடிவு பண்ணது நீங்கதானே தம்பி? எனக்கு அப்பவே மனசு ஒப்பல. எல்லாரும் என்னையே பாத்துகினு இருந்தீங்க, தலைய ஆட்டிட்டேன்."

அன்று அப்பாவிடம் போய் நின்றேன். சிபாரிசு என்ற சொல்லுக்காகவே அவரோடு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்காமல் யாருக்கோ போன் போட்டார். எங்கிருந்தோ ஒரே ஒரு பாஸ் வந்தது.

அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்த பத்தொம்பது பேரும் கேட்டாண்ட நின்னுகினு இருப்பாங்களே. அவங்க முன்னாடி எப்படி உள்ள போவேன்?"

"வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துடலாம்க்கா" என்றேன் மடையன் மாதிரி.

"அதுவும் என்னால முடியாதே" என்றார்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். நான் அந்தப் பத்தொன்பது பேரோடு வெளியே நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு மட்டும் யாரு தம்பி போய்ப் பேசனது?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.