அடுப்படியிலிருந்து தெருவாசல் வரை ஒரு நூல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். போதாததற்கு என் சம்சாரமும் சம்பந்தப்பட்டவள். இரண்டு பேரிடமும் பிழை பொறுக்கச் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் விட்ட புதிது. எங்கள் வீடும் ரயில் மாதிரிதான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர் சுவர், நடுவே ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். அடுக்களையில் பகலிலேயே விளக்கு வேண்டும். புறவாசலில் கண்ணாடி ஓடு, புகைக்கூண்டு எல்லாம் வைத்துப் புது மோஸ்தரில் ஒரு அடுக்களை இழுத்துக் கட்ட நினைத்து, ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரிடம் பிளான் கேட்டேன்.

அவர் காகிதத்தை விரித்ததும் என் சம்சாரம் கேட்டது ஒன்றுதான். "அடுப்புகிட்ட இருந்தா சப்பரம் தெரியுமா?"

சாமியைத் தூக்கிவரும் திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கு வருவது உச்சிவேளையில். வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள். அவள் பானையை இறக்கிக் கைகழுவி ஓடி வருவதற்குள் சப்பரம் நாலு வீடு தாண்டியிருக்கும். "கல்யாணமாகி வந்ததுலேருந்து சாமி குடையோட முதுகத்தான் கும்பிடுதேன்" என்பாள். அடுக்களை இன்னும் பின்னால் போனால் அந்த முதுகும் கிடையாது.

"அடுப்படியில இருந்து சாமி பாக்க எந்தப் புஸ்தகத்திலயும் பிளான் இல்லையேம்மா" என்றார் ஓவர்சியர்.

அவள் நூல்கண்டை எடுத்தாள். ஒரு முனையைத் தெருவாசலில் கட்டி, வீட்டுக்குள் இழுத்துக்கொண்டே போய், அடுப்பு வரவேண்டிய இடத்தில் குச்சி நட்டு முடிந்தாள். "இந்த நூல் எங்கனயும் இடிக்கப்படாது. மத்தது உங்க இஷ்டம்."

கொத்தனார் நூலோடு நடந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நேர்வரிசையில நாலு வாசல் வருது அண்ணாச்சி. ஒத்தப்படையா இருக்கணும். ஒண்ணை அடையும், இல்லாட்டி ஒண்ணு கூட வையும்."

அடைத்தால் சாமி தெரியாது. அடுக்களைப் பின்சுவரில் ஒரு வாசல் வைக்கலாமென்றால், புகைக்கூண்டு புகையை இழுக்காது என்று ஓவர்சியர் விடவில்லை. கடைசியில் கிணற்றடியில், முருங்கைக்குப் பக்கத்தில், சுவரே இல்லாமல் ஐந்தாவது வாசலாக ஒரு நிலையை மட்டும் நட்டோம். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, முறையாகப் பூசையும் செய்தோம். அடுத்த வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். "வே, கதவத் தட்டிட்டு வரணுமா, சுத்தி வந்தாலும் சேத்துக்கிடுவீரா?"

திருவிழா வந்தது. நான் தேங்காய்த் தட்டோடு வாசலில் நின்றேன். கொஞ்சம் சரீரம் உள்ளவன் நான். சப்பரம் நேரே வந்ததும் கண்ணை மூடி உருகிவிட்டேன். மேளச்சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலு வாசலைத் தாண்டி அவள் குரல் வந்ததாம். "கொஞ்சம் தெக்க தள்ளி நில்லுங்க!"

எனக்குக் கேட்காதது அதற்குள் வடக்கே நகர்ந்துவிட்ட சப்பரம் தூக்கிகளுக்குக் கேட்டிருக்கிறது. "யாரோ அம்மா சொல்லுதாவ, பைய பின்னால வாங்கலே" என்று முன்னால் நின்றவர் சொல்ல, சப்பரம் இரண்டடி தெற்கே வந்து நின்றது. போன சாமி திரும்பி வருவதைக் கண்டு நான் பதறி ஒதுங்கினேன். அப்போதுதான் வாசலில் மறைப்பு விலகியது. உள்ளே, கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில், அகப்பையோடு அவள் கைகூப்பி நின்றாள். அர்ச்சகர் தீபாராதனையை அவள் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

"ஓவர்சியர் எல்லாத்தையும் போட்டாவ, உங்களப் பிளான்ல போட மறந்துட்டாவ" என்றாள் பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆனால் ஊரில் கதை வேறாகிவிட்டது. அவள் ஏவினாள், சாமி திரும்பினார் என்கிறார்கள். எங்கள் அடுப்புக்கு எண்ணெயும் பூவும் கொண்டுவந்தவர்களும் உண்டு. "சாமிய நான் ஏவினேன்னா பாவம் எனக்குல்லா" என்று அவள் அழுகிறாள். அதனால் படிக்கிறவர்களை வேண்டிக்கொள்கிறேன். அவள் சொன்னது என்னை, கேட்டது தூக்கிகள், காட்சி கொடுத்தது சாமி. எவரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். என் சரீரத்தையும் விட்டுவிட வேண்டாம், அதுவும் நிசந்தானே.