தெற்குக் கோபுர வாசலில் ஐந்து நிமிடம்

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு டிக்கோயாவில் வேன் ஏறும்போது தூறிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் வழியில், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா கூடையோடு வந்து நின்றார். என்னோடு மதுரைக்கு வந்திருக்க வேண்டியவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பாஸ்போர்ட் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

"நாளைக்குச் சரியா பத்து மணிக்கு வீடியோவுல கூப்புடு தம்பி. கோபுரத்த மட்டும் காட்டு."

"வீடியோ எடுத்துட்டு வந்து காட்டுறேனே அக்கா?"

"படத்துக்கு என்ன, கலண்டர்லயே தொங்குது. நீ அங்க நிக்கிறப்ப நானும் நின்னு கும்புடணும்."

அக்கா தேயிலைக் கொழுந்தெடுப்பவர். எங்கள் தோட்டத்தில் மேல்மலை மேட்டில் மட்டும்தான் சிக்னல் சரியாக வரும். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் அங்கே ஏறி நிற்பதாகச் சொன்னார். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கணக்குப் பார்க்கவும் தேவையில்லை.

கட்டுநாயக்கவுக்கு ஐந்து மணித்தியாலம். அங்கிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம்தான். நான் கொட்டகலை பஜாரில் ஒரு ஆணிக்கடையில் வேலை செய்கிறேன். விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரேயிருந்த விடுதியிலிருந்து பதினெட்டுப் பேரும் நடந்தே போனோம். ஒரு கிலோமீட்டர் இருக்கும். பூக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நெருக்கிய தெரு திரும்பியதும் தெற்குக் கோபுரம் எதிரே நின்றது. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. அடிமுதல் நுனிவரை பொம்மைகள், பச்சையும் நீலமும் சிவப்புமாக. கலண்டரில் இதில் பாதி கூட இல்லை.

எங்களைக் கூட்டிப்போன முரளி கவுண்டருக்கு முன்னால் கையைத் தட்டினார்.

"போன், செருப்பு எல்லாம் இங்க குடுத்துருங்க. போனுக்குப் பத்து ரூவா. அம்மனோட செல்பி எடுக்கிற யோசன யாருக்காச்சும் இருந்தா, அதையும் இங்கயே குடுத்துருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது மணி ஒன்பது இருபத்தைந்து. உள்ளே போனால் எப்போது வருவோமோ தெரியாது. 'அண்ணே, பத்து மணிவரைக்கும் நான் வெளியே நிற்கிறேன், அக்காவுக்குக் காட்ட வேண்டும்' என்று சொல்ல வேண்டும். சொல்லை மனதில் அடுக்கியும் வைத்தேன்.

"சுருக்கா வாங்க, வரிச நீளுது. உள்ள அரை மணித்தியாலந்தான்," என்றார் முரளி.

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். போனைக் கொடுத்துவிட்டேன்.

அரை மணித்தியாலம் என்பது ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. பொற்றாமரைக் குளத்தையும் கல்தூண்களையும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லலாம். சன்னதியில் திரை விலகி எல்லோரும் கைகூப்பியபோது, என் கண் ஒரு பூசாரியின் கைக்கடிகாரத்தில் இருந்தது. பத்து நாற்பது.

வெளியே வந்த வாசல் வேறு. நான்கு கோபுரமும் எனக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. கூட்டத்துக்குக் காத்திராமல், யாரிடமும் வழி கேட்காமல் சூடான கல்லில் வெறுங்காலோடு நடந்தேன். வடக்குக் கோபுரத்தைத் தாண்டி, கிழக்கைச் சுற்றித் தெற்குக்கு வரும்போது பதினொன்று இருபத்தைந்து.

போனில் மூன்று தவறிய அழைப்புகள். பத்து இரண்டுக்கு, பத்து இருபதுக்கு, பத்து ஐம்பத்தைந்துக்கு. நான் திரும்பத் திரும்ப எடுத்தேன். கிடைக்கவில்லை. கோபுரத்துக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

எங்கள் கூட்டத்தில் வந்த யாழ்ப்பாணத்து டீச்சர், கொட்டகலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், என்னிடம் வந்து விசாரித்தார். சொன்னேன்.

"ஏன் தம்பி, முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? பத்து மணி மட்டுக்கும் நாங்கள் எல்லாரும் நிண்டிருப்பம்."

பிறகு ஐம்பது ரூபாய்க்கு ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். அதன் ருசியைப் பற்றி எழுத எனக்கு எதுவும் நினைவில்லை. மறுநாள் அழகர்கோயிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் போனோம். கோபுரங்களை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். செவ்வாயன்று மேட்டில் மழை கொட்டியிருக்கிறது. பதினொரு மணிவரை அக்கா அங்கேயே நின்றதால் கொழுந்து குறைந்து, அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் போட்டிருக்கிறார்கள். குங்குமத்தைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றேன்.

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் பத்து மணிக்கே கும்புட்டுட்டேன். மதுர எந்தப் பக்கம்னு தெரியல. எல்லாருக்கும் முன்னால கங்காணியையே கேட்டுட்டேன். பொம்பளைங்க சிரிச்சாளுக. அவரு பாக்டரிப் பக்கம் கையக் காட்டுனாரு. அங்குட்டுத் திரும்பி நின்னு கும்புட்டேன்."

பாக்டரி எங்களுக்குத் தெற்கே. மதுரை வடமேற்கே, அக்காவின் முதுகுப் பக்கம். நான் அதைச் சொல்லவில்லை.

மதுரைக்குப் போகிறவர்கள் போனைக் கொடுப்பதற்கு முன்னால் தெற்குக் கோபுர வாசலில் ஐந்து நிமிடம் நின்றுகொள்ளுங்கள். கூட வருகிறவர்களிடம் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்டால் நிற்பார்கள்.