போர்வைக்குப் பின்னால் நின்றவள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடையில் நான் விழுந்தேன். கள்ளுக்கடையிலிருந்து திரும்பும்போது விழுந்ததாகச் செந்தூல் வரைக்கும் பேச்சு பரவியிருக்கிறது. இல்லை ஐயா, இல்லை! நான் ஒரு போர்வையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போர்வையைப் போய் யாராவது படம் பிடிப்பார்களா? கதை இதுதான்.

என் மகள் ராஜம் கல்யாணமாகி நாகப்பட்டினம் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஆனால் நடுவில் கடல் கிடக்கிறதே? வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆபீஸில் லீவு இல்லை என்று தொரை சொல்லிவிட்டார். என் மனைவி மீனாட்சி தனியாகக் கப்பல் ஏறிப் பழக்கமில்லாதவள்.

அவள் அழவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தாள். தன் சிவப்புக் கூறைச் சேலை, ராஜம் பள்ளிக்கூடம் போனபோது கட்டிய நீலப் பாவாடை, என் பழைய வேட்டிகள் – எல்லாவற்றையும் கத்தரித்தாள். பிறந்த பிள்ளையைப் பழைய துணியில்தானே முதலில் கிடத்துகிறோம்? தாயும் பிள்ளையும் சேர்ந்து படுக்கிற அளவுக்குத் துண்டு துண்டாக ஒட்டி, மூன்று மாதம் கையாலேயே போர்வை தைத்தாள். தாய்மடியைக் கப்பலில் அனுப்ப முடியாது, துணியையாவது அனுப்பலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

அதற்கும் தடை வந்தது. பிள்ளை பிறக்குமுன் பிள்ளைக்கென்று எதுவும் அனுப்பக் கூடாது என்று சம்பந்தியம்மாள் கண்டிப்பாக எழுதிவிட்டார். அதே தபாலில் ராஜம், "அம்மா, போர்வையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

மீனாட்சி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். "ஏங்க, துணியத்தானே அனுப்பக்கூடாது? படத்த அனுப்பலாம்ல?"

எந்த வக்கீலுக்கு இது தோன்றும்!

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர், யாழ்ப்பாணத்து நண்பர், தம் பெட்டிக் காமிராவை இரவல் கொடுத்தார். "ஐசே, வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லும். பத்தடி தள்ளி நில்லும். மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அமத்தும். வேற வித்தை ஒண்டும் இல்லை" என்றார்.

வித்தை இல்லையாம்! கொடிக்கயிற்றில் போட்டால் போர்வை நடுவில் தொய்ந்தது. சுவரில் மாட்டலாம் என்றால், சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஆணி அடிக்கக் கூடாது. கடைசியில் மீனாட்சியே முக்காலியில் ஏறி, போர்வையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். நான் குனிந்து காமிராவைப் பார்த்தபடி ஓரடி, ஈரடி என்று பின்னால் நகர்ந்தேன்... பத்தாவது அடியில் லோங்காங்.

அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் எடுக்கப் போனேன். வெறுங்கண்ணுக்கே தையல் ஒன்றுகூடத் தெரியவில்லை. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு தையலும் எழும்பி நிற்கும் என்பது பிறகுதான் புரிந்தது. மூன்றாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கே ஆரம்பித்தேன். சுருக்கம் போக இஸ்திரி போட்டாயிற்று. நான்கு மூலையும் நேராக நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, போர்வைக்கு மேலே மீனாட்சியின் உச்சந்தலை எட்டிப் பார்த்தது.

"தலையக் குனி!" என்று கத்தினேன்.

"கொஞ்சூண்டு எட்டிப் பாத்துக்கிறேங்க... எம்மக ராசாத்தி பாக்கப்போற படமாச்சே."

"படம் கெட்டுப்போகும்டி! போர்வையத்தான கேட்டா?"

தலை கீழே போய்விட்டது. நான் மூச்சை அடக்கி அழுத்தினேன்.

சீன ஸ்டூடியோக்காரர் கழுவிக் கொடுத்த படத்தில் தையல் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. ஆனால் சிவப்புக் கூறைச் சேலை கன்னங்கரேலென்று இருந்தது. நீலப் பாவாடை வெளுத்து வெள்ளையாகிக் கிடந்தது. என்ன தவ்கே இது என்று முதலாளியைக் கேட்டால் அவர் சிரிக்கிறார். "மேரா ஜாடி ஈத்தாம் லா! பிலிம் அப்பிடித்தான்." சிவப்பு கறுப்பாகத்தான் விழுமாம். பிலிமுக்குக் கூறைச் சேலை தெரியுமா, குங்குமம் தெரியுமா?

மீனாட்சி படத்தை வாங்கிப் பார்த்தாள். மூன்று மாதம் அழாதவள் அப்போதுதான் அழுதாள். "நெறமாசக்காரிக்குக் கறுப்பும் வெள்ளையுமாவா அனுப்புறது? என் கூறச் சேலையாங்க இது?"

வேறு வழி? படத்தின் பின்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றிலும் எழுதினேன். 'இது சிவப்பு, அம்மா கூறை.' 'இது நீலம், நீ மாமரத்தில் ஏறிக் கிழித்தது.' இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். படம் கப்பலேறிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். கறுப்பைப் பார்த்து ராஜம் பயந்துவிட்டாளோ என்று அவளுக்குக் கவலை. எனக்கும்தான்... வெளியே சொல்லவில்லை.

முந்தாநாள் பதில் வந்தது. ராஜம் சுகமாக இருக்கிறாள், இன்னும் பிரசவமாகவில்லை. கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன்.

"அப்பா, பின்பக்கம் எழுதாவிட்டாலும் எந்தத் துணி எந்த நிறம் என்று எனக்குத் தெரியாதா? மேல் ஓரத்தில் அம்மாவின் எட்டு விரல்களும் தெரிகின்றன. கீழே முக்காலியில் இரண்டு கால்களும் தெரிகின்றன. இடது கால் வீங்கியிருக்கிறதே, அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாளா? ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை படம் எடுக்கும்போது போர்வையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள், அப்பா."

அதற்கு மேல் எனக்குப் படிக்க வரவில்லை. மீனாட்சி தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம், தூரம், சுருக்கம், மூலை... மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரி பார்த்த மனுஷன், எட்டிப் பார்த்த தலையைக் குனியச் சொன்னேனே!

வரும் ஞாயிற்றுக்கும் காமிராவை இரவல் கேட்டிருக்கிறேன். போர்வை பெட்டிக்குள் இருக்கும். இந்தத் தடவை தலையை நிமிர்த்தச் சொல்ல வேண்டியதுதான் என் வேலை.